தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: விசாவிலிருந்து வொர்க் பெர்மிட் வரை

தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம். நான் திருப்பிக் கேட்பது, அந்தப் பள்ளி ஆபீஸில் விசா பேப்பர் பார்ப்பவர் யார், இதற்கு முன்னால் வெளிநாட்டு ஆசிரியர்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று. விசாவுக்கு விண்ணப்பிப்பது நாம்தான். அதற்கு வேண்டிய காகிதங்களில் முக்கால்வாசி பள்ளி கொடுக்க வேண்டியவை.

அங்கே பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்குகிறது. அதற்குச் சில மாதம் முன்பே விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று பலவற்றில் பளிச்சென்று போட்டிருப்பார்கள். விண்ணப்பத்தோடு போட்டோவும் கேட்பார்கள். எதற்கு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே வகுப்புக்கு ஒரு பிரிட்டிஷ்காரருக்கு 35,000 பாட் என்றால் நமக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் 25,000 பக்கம் பேசுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். பாங்காக்கை விட்டுத் தள்ளி, வடகிழக்கே ஈசான் பகுதிப் பக்கம் தேடினால் இந்தக் கெடுபிடி கொஞ்சம் குறைவு. பி.ஏ. ஆங்கிலம், பி.எட்., ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் மூன்றையும் காட்டி, வீடியோ காலில் ஒரு மாதிரி வகுப்பும் எடுத்த பிறகு உடோன் தானியில் ஒரு தனியார் பள்ளி சரி என்றது. நேட்டிவ் அல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 அல்லது அதற்கு இணையான மதிப்பெண் கேட்பது அங்கே வழக்கம்.

அதைவிடச் சம்பளம் கூடுதலாகச் சொன்ன இன்னொரு பள்ளி, "முதலில் டூரிஸ்டாக வாருங்கள், விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றது. அப்போது இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்பதால் கேட்க எளிதாகத்தான் இருந்தது. வொர்க் பெர்மிட் இல்லாமல் வகுப்பெடுத்து மாட்டினால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், கூடவே நாடு கடத்தல். அது ஆசிரியர் தலையில் விழும். வேண்டாம் என்றுவிட்டேன்.

வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. 2025 மார்ச்சில், தாய்லாந்து வேலை என்று ஏமாற்றி மியான்மர் மோசடி முகாம்களுக்குக் கடத்தப்பட்டவர்களை தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டிலிருந்து இந்திய விமானப்படை விமானத்தில் அழைத்து வந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். அவர் பயத்தில் தப்பே இல்லை. பள்ளியின் வளாகத்தை வீடியோ காலில் சுற்றிக் காட்டச் சொல்லி, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் டீச்சரோடு பேசவைத்த பிறகுதான் சமாதானமானார். நடுவில் ஏஜென்ட் வந்தால் அவர் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று கட்டாயம் பாருங்கள்.

நம் பக்கக் காகிதங்களில் முக்கியமானது போலீஸ் கிளியரன்ஸ். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு வந்த ஏட்டு ஃபைலைப் புரட்டிவிட்டு, "தாய்லாந்துல போய் இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா? நம்ம ஸ்கூல்லயே ஆள் இல்லையேம்மா" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? டிகிரி சான்றிதழுக்கு மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்று அட்டெஸ்டேஷன் வாங்கியதில்தான் நாள் அதிகம் போனது.

பள்ளி அனுப்பிய கட்டு வந்தபோது அசந்துவிட்டேன். பள்ளி உரிமம், இயக்குநரின் அடையாள அட்டை நகல், கல்வி அலுவலகக் கடிதம், ஒப்பந்தம் என எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் கையெழுத்து, முத்திரை. தேதிகள் எல்லாம் 2568. புத்த ஆண்டுக் கணக்கு அது. 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு. ஆபீஸ் அக்கா ஒவ்வொரு நகலுக்கும் வரிசை எண் போட்டு அனுப்பியிருந்தார். 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் தாய்லாந்து விசா ஆன்லைன் என்பதால் அதே வரிசையில் ஏற்றினேன். திரும்பக் கேள்வி எதுவும் வரவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா வந்தது.

அந்த விசா 90 நாளுக்குத்தான். போய் இறங்கியதும் அடுத்த ஓட்டம். மெடிக்கல் சான்றிதழில் காசநோய், தொழுநோய், யானைக்கால், முற்றிய சிஃபிலிஸ், போதை, குடி எதுவும் இல்லை என்று டாக்டர் எழுத வேண்டும். எனக்கு எழுதிய டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார், கால்களை ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கத்திய ஆசிரியர் உரிமம் நம்மிடம் இல்லாததால் குருசபா என்ற ஆசிரியர் கவுன்சிலிடம் தற்காலிக அனுமதியும் பள்ளியே வாங்கியது. பிறகு தொழிலாளர் துறையில் வொர்க் பெர்மிட்; அப்போது அதை நீலப் புத்தகமாகக் கொடுத்தார்கள். அதைக் காட்டி இமிக்ரேஷனில் 1,900 பாட் கட்டினால் தங்கும் காலத்தை ஒரு வருடம் வரை நீட்டிப்பார்கள். வெளிநாட்டவர் தன் வீட்டில் தங்குவதைத் தெரிவிக்கும் டிஎம் 30 படிவத்தை வீட்டுக்காரர் நம்மைப் பற்றிப் பதிந்தாரா என்று அங்கேதான் கேட்பார்கள். ரசீதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அக்டோபர் விடுமுறையும் தீபாவளியும் சேர்ந்து வந்ததால் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தேன். ஆபீஸ் அக்கா கேட்டது ஒன்றுதான்: ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்தாயா? அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அந்த ஒரு வருட நீட்டிப்பு அங்கேயே ரத்து. ஒரு முறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. வருடத்துக்கு நான்கு தடவை ஊருக்கு வருகிறவர்கள் 3,800-ஐயே கட்டிவிடலாம்.