வீம்புக் கோட்டையில் இரண்டு இரவுகள்

ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் தங்கினேன் என்று சொன்னால் வீட்டில் இன்றும் யாரும் முழுசாக நம்புவதில்லை. தங்கியது நிஜம். அடுக்குக் கட்டிலில், எட்டுப் பேரோடு. கார்பிஸ்டேல் கோட்டை அப்போது யூத் ஹாஸ்டல். 2004 கோடையில், கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த நானும் அறைத்தோழனும் போனோம்.

இன்வர்னெஸ்ஸிலிருந்து வடக்கே போகும் ரயில். கல்ரெய்னில் இறங்க வேண்டும் என்று கார்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நிற்காது. இறங்கி மேடேறினால் மரங்களுக்கு மேலே கோபுரம்.

பழைய கோட்டை என்று நம்பித்தான் போயிருந்தேன். கட்டி முடித்ததே 1917இல்தானாம். எடின்பரோ கோட்டைக்கு முன்னால் இது பொடிப்பயல். ஆனால் கதை இருக்கிறதே, அது நம் ஊர் சொத்துத் தகராறுகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பக்கத்துப் பகுதியான சதர்லாந்தின் பிரபு, 3ஆம் டியூக், முதல் மனைவி இறந்த சில மாதங்களிலேயே, 1889இல் மேரி கரோலினை மணந்தார். அம்மணி டச்சஸ் ஆனார். 1892இல் டியூக்கும் போய்விட்டார். உயில் புது மனைவிக்குச் சாதகம். முதல் தாரத்துப் பிள்ளைகள் விடுவார்களா? வழக்கு. நடுவில் ஏதோ ஒரு காகிதத்தை அம்மணி கொளுத்திவிட, ஆறு வாரம் லண்டன் சிறையில் களி. கடைசியில் சமரசம்: அவருக்கு ஒரு கோட்டை கட்டப் பணம் தருகிறோம், ஆனால் எங்கள் சதர்லாந்து மண்ணில் கூடாது. சரி என்றார். எல்லைக்கு இந்தப் பக்கம், அவர்கள் ரயிலில் போகும்போதெல்லாம் கண்ணில் படும்படி, குன்றின் மேல் எழுப்பினார். முடிவதற்குள், 1912இல், அவரே இறந்துவிட்டார். ‘வீம்புக் கோட்டை’ என்ற பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்புறம் அது சால்வெசன் என்ற கப்பல் குடும்பத்தின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது நார்வே மன்னர் ஏழாம் ஹாக்கன் இங்கே அடைக்கலம் இருந்தார். 1945இல் யூத் ஹாஸ்டல் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். மன்னர் நடந்த கூடத்தில், வெள்ளைச் சலவைக்கல் சிலைகளுக்கு நடுவே, நாங்கள் லுங்கியில் நடந்தோம். சமையலறையில் ரசம் தாளித்தபோது பக்கத்து அடுப்பில் பாஸ்தா கிண்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தும்மல் அடங்கவில்லை. பேய் உலவும் அறை ஒன்று உண்டு என்றார்கள். இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும் ஊரில் பேய் எப்போது வேலைக்கு வரும்? எங்களை வாட்டியது ‘மிட்ஜ்’ என்ற பொடிப் பூச்சிதான்.

2011இல் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். பிறகு தனியாருக்கு விற்றும்விட்டார்கள்.

கடைசி நாள், ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதை வழியே ஆற்றைக் கடந்து அக்கரையில் இன்வர்ஷின் வரை போனோம். மாலை வண்டியைப் பிடிக்க வேண்டும். செல்போன் செத்திருந்தது, கையில் வாட்ச் இல்லை. மணி பார்க்கலாம் என்று கோட்டைக் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தேன். மொட்டைச் சுவர். மற்ற மூன்று பக்கமும் கடிகாரம் உண்டு. சதர்லாந்து பார்த்த பக்கத்துக்கு மட்டும் டச்சஸ் மணி காட்டவில்லை.

நாங்கள் நின்றிருந்தது சதர்லாந்தில். மூட்டைகள் கோட்டையில். பாலத்தில் ஓட ஆரம்பித்தோம்.