ஆன்டிபாடி போடாத டியூப் எங்கே?

ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கென்று சொந்த ஆராய்ச்சி எதுவும் இல்லை. வெவ்வேறு லேப்களிலிருந்து பிள்ளைகள் நேரம் பதிந்துகொண்டு வருவார்கள். கையில் ஐஸ் பக்கெட், அதில் செருகிய டியூப்கள், வெளிச்சம் படாமலிருக்க மேலே அலுமினியம் ஃபாயில். ஒவ்வொரு டியூபிலும் சில லட்சம் செல்கள் இருக்கும். எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், யாரோ ஒருவருடைய ரத்தமாக இருக்கலாம். அந்தச் செல்களின் மேல் ஒளிரும் சாயம் கோத்த ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒரு இலக்கை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதங்கள், ஒட்டியிருக்கும். கருவி செல்களை ஒற்றை வரிசையில் லேசருக்கு முன்னால் ஓட விட்டு, எந்தச் செல்லிலிருந்து எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வந்தது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கில் குறித்துக்கொள்ளும். திரையில் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழும்.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஆன்டிபாடி போடாத டியூப் எங்கே?"

சிலர் எடுத்துக் காட்டுவார்கள். மற்றவர்களிடமிருந்து வழக்கமான பதில்கள் வரும். "செல் பத்தல மேம்." "போன தடவை ஓட்டினேனே மேம்." "சார் வேண்டாம்னு சொல்லிட்டார் மேம்." இந்தக் கேள்வியால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. இருந்தாலும் கேட்பதை விடவில்லை, காரணம் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது.

ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1939-இல் பெர்லினில் இருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கிருமியின் மேல் மட்டும் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியில் ஒளிரும் பொருளைக் கோத்துவிட்டால், திசுவில் அந்தக் கிருமி எங்கே இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாமே! ஹார்வர்டுக்குத் திரும்பி, நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவை வைத்து முயன்றார். 1941-இல் முதல் கட்டுரை வந்தது. அவர் முதலில் கோத்த பொருள் நீலமாக ஒளிரக்கூடியது. வேதியியல் எல்லாம் ஒத்துவந்தது, ஆனால் திசுவில் போட்டுப் பார்த்தால் சிக்கல். திசுவே இயல்பாக நீல நிறத்தில் மங்கலாக ஒளிர்கிறது. எது கிருமி, எது திசு? அப்புறம்தான் பச்சையாக ஒளிரும் ஃப்ளூரசீனுக்கு மாறினார். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் தயாரித்த பழைய சாயம் அது. 1942-இல் திசுவுக்குள் நிமோகாக்கஸ் இருக்கும் இடத்தைக் காட்ட முடிந்தது.

ஆக, இந்த நுட்பத்தில் முதல் ஆள் முட்டிக்கொண்டதே 'தானாக ஒளிர்வது எவ்வளவு' என்ற கேள்வியில்தான். எண்பது வருஷம் கழித்து என் அறைக்கு வருகிற முதல் வருட மாணவி முட்டிக்கொள்வதும் அங்கேயேதான். கொலாஜன் ஒளிரும், சில வைட்டமின்கள் ஒளிரும், வயதான செல்களில் சேரும் லிப்போஃபஸ்சின் என்ற நிறமி நிறப்பாகுபாடே இல்லாமல் எல்லா நிறத்திலும் ஒளிரும். ஆன்டிபாடி போடாத டியூப் இல்லையென்றால், திரையில் தெரிகிற ஒளியில் எவ்வளவு நீங்கள் போட்டது, எவ்வளவு செல்லோடு பிறந்தது என்று சொல்ல வழி கிடையாது.

தானாக ஒளிர்வதாவது ஏமாற்றும் எண்ணமில்லாதது. ஆன்டிபாடி தவறான காரணத்துக்காக ஒட்டிக்கொள்வதுதான் மோசம். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகளும் ஒரு வாலும் உண்டு. குறிப்பிட்ட புரதத்தைப் பிடிப்பது கைகளின் வேலை. ஆனால் மேக்ரோஃபேஜ், மோனோசைட் போன்ற செல்களின் மேல் அந்த வாலைப் பிடிக்கவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் வாலைப் பிடித்து இழுத்து விழுங்குவது அவற்றின் இயல்பான தொழில். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஆன்டிபாடி வந்தாலும் அவை அதையேதான் செய்யும். எந்த ஆன்டிபாடியைப் போட்டாலும் மோனோசைட் கூட்டம் மட்டும் தவறாமல் 'பாசிட்டிவ்' ஆகத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைக்க எஃப்சி பிளாக் என்று ஒன்று இருக்கிறது. பத்து நிமிட வேலை. செத்த செல்கள் இன்னும் மோசம், சவ்வு கிழிந்து கிடப்பதால் எதைப் போட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அவற்றை அடையாளம் காட்ட ஒரு தனிச் சாயம் சேர்க்க வேண்டும், அதற்குப் பேனலில், அதாவது ஒரே டியூபில் சேர்த்துப் போடும் சாயங்களின் தொகுப்பில், ஒரு நிறத்தைத் தியாகம் செய்ய வேண்டும். மாணவர்களுக்கு அதுதான் மனசு வராது.

ஒரு பையன் மிகுந்த உற்சாகத்தோடு வந்தது நினைவிருக்கிறது. சிடி3, சிடி19 என்ற இரண்டு புரதங்களும் உள்ள செல்கள் அவனுடைய மாதிரியில் தெரிந்தன. டி செல், பி செல் என்பவை நோய் எதிர்ப்புச் செல்களில் இரண்டு தனி வகைகள்; முன்னது டி செல்லின் அடையாளம், பின்னது பி செல்லின் அடையாளம். இரண்டும் ஒரே செல்லில் இருக்கக் கூடாது. "மேம், இது புது வகை செல்லா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டான். "இருக்கலாம்ப்பா. முதல்ல அது ஒரு செல்தானான்னு பார்ப்போம்" என்றேன். லேசரைக் கடக்கும்போது வரும் சிதறல் ஒளியின் பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வைத்து வரைந்தால், ஒற்றைச் செல்கள் ஒரு கோட்டில் விழும். இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு போனால் கோட்டை விட்டு விலகி நிற்கும். அவனுடைய புது வகை செல்களில் ஏறக்குறைய எல்லாமே விலகித்தான் நின்றன. ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஜோடியாகப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். பையன் நல்லவன், கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை செல்களை வடிகட்டிவிட்டு எடுத்து வந்தான்.

நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிவது அடுத்த தலைவலி. சாயம் போகிற சிவப்புப் புடவையை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்த கதைதான். எஃப்ஐடிசி என்ற சாயத்தை 488 நானோமீட்டர் லேசரால் தூண்டினால், 520 வாக்கில் பச்சை ஒளி உச்சமாக வரும். ஆனால் அது அங்கேயே நிற்பதில்லை, நீண்ட வாலாக இழுத்துக்கொண்டு மஞ்சளுக்குள் போகும். சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கிற ஃபைகோஎரித்ரின், நாங்கள் பிஇ என்போம், 578 வாக்கில் ஒளிர்கிறது. எஃப்ஐடிசியின் வால் அந்த டிடெக்டரில் விழுந்தால், பிஇ இல்லாத செல்லும் பிஇ உள்ளது போலக் காட்டும். ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனி டியூபில் போட்டு ஓட்டி, எது எதற்குள் எவ்வளவு வழிகிறது என்று கணக்கெடுத்துக் கழிக்க வேண்டும். காம்பன்சேஷன் என்பது இதைத்தான். கழித்த பிறகும் புள்ளிகளின் பரவல் மிஞ்சும், எங்கே கோடு போடுவது என்ற குழப்பமும் மிஞ்சும். அதற்காக ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்ட டியூப் ஒன்று வேண்டும். எஃப்எம்ஓ என்று சுருக்கமாகச் சொல்வோம். அந்த டியூபில் ஒளி எதுவரை பரவுகிறதோ அதற்கு அப்பால்தான் 'பாசிட்டிவ்'.

முன்பு நான் ஒரு மருத்துவமனை லேபில் இருந்தேன். அங்கே எச்ஐவி நோயாளிகளின் சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்ஐவி அழிக்கும் ஒரு வகை டி செல்களின் எண்ணிக்கை, எடுப்போம். அதுவும் இதே நுட்பம்தான்: சிடி4 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, அதில் ஒரு சாயம், ஒளிர்ந்த செல்களை எண்ணுவது. இந்தியாவில் 2004-இல் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, யாருக்கு மருந்து என்பதை முடிவு செய்ததில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே என்பது அன்றைய எல்லை. பிறகு எல்லை படிப்படியாக உயர்ந்து, 2017-இல் எண்ணிக்கை எதுவானாலும் எல்லோருக்கும் மருந்து என்று ஆனது. எல்லை இருந்த காலத்தில், 190-க்கும் 210-க்கும் நடுவே ஒரு மனிதருடைய சிகிச்சையே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மாதிரி, ஓட்டலாமா வேண்டாமா என்று யாரும் யாரோடும் வாதாடியதில்லை. காலையில் கருவியைப் போட்டதும் கன்ட்ரோல் ரத்தம் ஓடும், எண் வரம்புக்குள் வந்தால்தான் நோயாளியின் மாதிரிக்கே கை போகும். ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான், அதே ஆன்டிபாடி, அதே கருவி, ஆனால் கன்ட்ரோல் என்பது மாணவரின் மனசாட்சிக்கு விட்ட விஷயம் என்று தெரிந்தது. இது எனக்கு இன்றுவரை ஒவ்வாத விஷயம்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு சின்னக் குப்பி ஆன்டிபாடி பல ஆயிரம் ரூபாய். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று உறுதியில்லை, பெட்டி வரும்போது உள்ளே ஐஸ் பேக் தண்ணீராகியிருக்கும். ஆராய்ச்சி நிதியோ தாமதமாகத்தான் வரும். இந்த நிலையில் "எதுவும் கண்டுபிடிக்காத டியூபுக்கு ஏன் செலவு?" என்று தோன்றுவது இயற்கைதான். அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் டைட்ரேட் செய்யுங்கள் என்று. குப்பியோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவு பல சமயம் தேவைக்கு அதிகம். பாதி, கால், அரைக்கால் என்று குறைத்துக்கொண்டே போய்ப் பார்த்தால், பாசிட்டிவும் நெகட்டிவும் நன்றாகப் பிரிகிற அளவு தெரிந்துவிடும். அதிகம் போட்டால் ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிப் பின்புலம்தான் ஏறும். இதில் மிச்சமாகும் ஆன்டிபாடியே கன்ட்ரோல்களுக்குப் போதும்.

விலை அதிகம் என்பதாலேயே வேறொரு கூத்தும் நடக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று குப்பியை மைனஸ் இருபது ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். பிஇ என்பது பெரிய புரதச் சாயம், உறைந்து உருகினால் வீணாகிவிடும். சாதாரண ஃப்ரிட்ஜில், நான்கு டிகிரியில், இருட்டில் இருந்தால் போதும். இரண்டு சாயங்களை இணைத்துச் செய்யும் டேண்டம் சாயங்களுக்கு வெளிச்சமே பகை. பிஇ-சை7 என்பதில் பிஇ தான் வாங்கிய ஆற்றலை சை7-க்குக் கைமாற்ற வேண்டும். அந்தப் பிணைப்பு கெட்டால் பிஇ தனியாக ஒளிரத் தொடங்கும், அது வேறொரு ஆன்டிபாடியின் கணக்கில் போய்ச் சேரும். ஃபாயிலை அலட்சியமாகச் சுற்றியவர்களின் டேட்டாவைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

சில லேப்களில் சாயத்தைத் தாங்களே கோத்துக்கொள்கிறார்கள். அதில் ஆகும் தகராறு பெரும்பாலும் ஒன்றுதான்: ஆன்டிபாடி டிரிஸ் பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் ஒரு கரைசலில், இருந்திருக்கும். சாயத்தின் வினைபுரியும் முனை ஆன்டிபாடியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களின் அமீன் தொகுதியைத் தேடுகிறது. டிரிஸிலும் அமீன் இருக்கிறது, அதுவும் ஆன்டிபாடியைவிடப் பல மடங்கு. சாயம் அதோடு போய்விடும். ஆன்டிபாடி கெடாமலிருக்கச் சேர்த்த ஆல்புமினும் அதேபோல் சாயத்தை வாங்கிக்கொள்ளும். முதலில் பஃபரை மாற்றிவிட்டு, அப்புறம் கோக்க வேண்டும். சாயத்தை அள்ளிக் கொட்டினாலும் பலன் இல்லை. ஒரே ஆன்டிபாடியில் நெருக்கமாக உட்கார்ந்த சாய மூலக்கூறுகள் ஒன்றையொன்று மங்கடிக்கும். சாயம் ஒட்டிய லைசின், புரதத்தைப் பிடிக்கும் கையிலேயே இருந்துவிட்டால் பிடிப்பும் போய்விடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஆன்டிபாடி, லேபிளில் எழுதியிருக்கும் புரதத்தைத்தான் பிடிக்கிறதா? ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா என்ற புரதத்தின் விஷயத்தில் நடந்ததைக் கேட்டால் திகைப்பாக இருக்கும். மார்பகப் புற்றுநோயில் அதன் பங்கு பற்றி வருடக்கணக்காகக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன, முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2017-இல் ஒரு குழு 13 ஆன்டிபாடிகளை எடுத்து முறையாகச் சோதித்தது. எல்லாச் சோதனையிலும் அந்தப் புரதத்தை மட்டும் சரியாகப் பிடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒன்று. அதை வைத்துப் பார்த்தபோது மார்பகத் திசுவில் அந்த ஏற்பி தென்படவே இல்லை. இத்தனை வருட உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் யாராவது புது ஆன்டிபாடி வாங்கப் போகிறேன் என்றால், அந்த மரபணுவை நீக்கிய செல் கிடைக்குமா என்று கேட்பேன். புரதமே இல்லாத செல்லிலும் ஒளி வந்தால் அந்தக் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மரபணுவை வெட்டி மாற்றும் கிறிஸ்பர் நுட்பம் வந்த பிறகு இப்படிப்பட்ட செல் கிடைப்பது முன்போல் கஷ்டமில்லை. கட்டுரையில் இவர்கள் போட்டார்கள், அதனால் நானும் போடுகிறேன் என்ற பதில்தான் இன்னும் அதிகம் வருகிறது.

இப்போது நிறங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. சாயத்தின் உச்சத்தை மட்டும் பார்க்காமல் அதன் முழு நிறமாலையையும் படிக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2020-இல் 40 நிறங்களில் ஒரு பேனலே வெளியானது. என்னிடமும் இருபது நிறப் பேனலோடு வருகிறார்கள். இருபது நிறத்துக்கு இருபது ஒற்றைச் சாய டியூப், எல்லாவற்றுக்கும் எஃப்எம்ஓ என்றால் இன்னும் இருபது. அவ்வளவையும் கேட்க எனக்கே மனசு வராது. மங்கலாகத் தெரிகிற, கோடு எங்கே போடுவது என்று சந்தேகம் வரக்கூடிய நாலைந்து அடையாளங்களுக்கு மட்டும் எஃப்எம்ஓ போதும் என்று சமாதானமாகிவிடுவேன். ஆன்டிபாடி போடாத டியூபில் மட்டும் சமாதானம் கிடையாது.

கருவிக்கு நேரம் பதியும் படிவத்தில் சமீபத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: கன்ட்ரோல் டியூப்கள் எத்தனை? நிரப்பாமல் அனுப்ப முடியாது. முதல் வாரமே யாரோ அதில் ஒரு புள்ளியை வைத்து அனுப்பினார்கள். எண் மட்டும்தான் ஏற்கும் என்று மாற்றிவிட்டேன். இப்போது பூஜ்யம் என்று போட்டு வருகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.