குட்டி வந்து நாலு நாள் ஆச்சு

சிப்பிப்பாறை ஜாதி நாய்க்குட்டி, பிறந்து 50 நாள்தான், சாத்தூர் பக்கத்துல இருந்து தூக்கிட்டு வந்தோம். மொத ராத்திரி அம்மாவ தேடி அப்படி அழுதுச்சு, கேக்கவே முடியல, அப்புறம் தாய்நாய் படுத்திருந்த சாக்க கேட்டு வாங்கிட்டு வந்தது ஞாபகம் வந்து அத என் கட்டில் பக்கத்துல விரிச்சேன், அந்த வாசனைல மூஞ்சிய புதைச்சு தூங்கிடுச்சு. ஆச்சி பால்சோறு வைக்கணும்னு நின்னாங்க, மாட்டுப்பால் நெறய குட்டிகளுக்கு வயித்தால போகும்னு டாக்டர் சொன்னாரு, அதனால வெங்காயம் போடாம வேகவச்ச கோழியும் சோறும், 4 வேளை. தடுப்பூசி முடியுற வரைக்கும் தெருவுல இறக்க மாட்டோம், குட்டிங்க உயிரையே எடுக்கற பார்வோ வைரஸ் நோய் பயம் அப்படி. ரேபிஸ் ஊசி 3 மாசத்துல. நாய் வாசல்லதான்னு சொன்ன அப்பா இன்னிக்கு காலைல பேப்பர் படிக்கறப்போ மடியில வச்சிருந்தாரு, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.