துர்காபாயைப் படித்துக்கொண்டிருக்கிறேன்

மே 9

இன்று விடுதலைப் போராட்ட வீரர் துர்காபாய் தேஷ்முக்கின் நினைவு நாள். 1981-ல் மறைந்தார். சென்னையில் அடையாறு பக்கம் போய்வருகிறவர்களுக்கு அவர் ஒரு சாலையின் பெயர், ஒரு மருத்துவமனையின் பெயர். அந்த மனுஷியைப் பற்றி நாம் பேசுவது ரொம்பக் குறைவு என்று எனக்கு வருத்தம் உண்டு. அதனால் படிக்கப் படிக்க இங்கே எழுதிவைக்கிறேன்.

1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் கல்யாணம். விவரம் தெரிந்ததும் இந்த வாழ்க்கை வேண்டாம் என்று விலகிவிட்டார். அந்தக் காலத்தில்!

மே 12

ஆங்கில வழிப் பாடத்தை எதிர்த்துப் பள்ளியை விட்ட சிறுமி, இந்தி கற்றுக்கொண்டு, பெண்களுக்காக ஒரு இந்திப் பள்ளியைத் தொடங்கிவிடுகிறாள். கற்றதை உடனே யாருக்காவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும் அவளுக்கு.

1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டில் கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றார். டிக்கெட் இல்லாமல் வந்த நேருவை உள்ளே விடவில்லை. எல்லாரும் சொல்லும் கதை இது. எனக்கு இதற்கப்புறம் வருவதுதான் பெரிது.

மே 20

உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை. மதுரைச் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதிகளுக்குப் பக்கத்தில் தனிக் கொட்டடி. உடம்பு நொந்து வெளியே வந்தவர், அரசியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பள்ளிப் பாடத்தைக் கையில் எடுத்தார். இருபது வயதைத் தாண்டிய பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் (பள்ளி இறுதி) தேர்வு எழுதித் தேறினார்.

அப்புறம் ஆந்திரப் பல்கலைக்கழகம். பெண்களுக்கு விடுதி இல்லை, சேர்க்க முடியாது என்றார்கள். சரி என்று திரும்பிப் போகவில்லை. படிக்க விருப்பமுள்ள பெண்கள் தனக்குக் கடிதம் எழுதலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். எழுதியவர்களைச் சேர்த்துக்கொண்டு விடுதியை அவரே தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தன் படிப்புக்காக இறங்கிய வேலை மற்ற பெண்களின் படிப்பாகவும் ஆகிவிடுகிறது. திரும்பத் திரும்ப இதைத்தான் பார்க்கிறேன் அவரிடம்.

மே 21

1937-ல் சென்னையில் ஆந்திர மகிள சபா என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். தான் எழுதிய அதே காசி மெட்ரிக்குக்குப் பெண்களைத் தயார்செய்யும் வகுப்புகளும் அங்கே நடந்தன. 1942-ல் சட்டப் பட்டம் வாங்கினார்.

ஜூன் 3

நம் அரசியல் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர். நாடாளுமன்ற மேலவையான மாநிலங்களவையில் உறுப்பினராகக் குறைந்தது 35 வயது வேண்டும் என்றிருந்ததை 30 ஆக்கத் திருத்தம் கொண்டுவந்தவர் இவர். மாநிலங்களவைக்கு இன்றும் அந்த 30 தான். இதைப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி போட்டால் என்ன?

ஜூன் 15

1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். படிப்பு பாதியில் நின்றுபோன பெண்களுக்காக அந்த வாரியம் 1958-ல் சுருக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. பல வருடப் பாடத்தைக் குறுகிய காலத்தில் சொல்லிக்கொடுத்துத் தேர்வு எழுதவைப்பார்கள். தேறியவர்கள் ஆசிரியை, நர்ஸ், மருத்துவச்சி வேலைகளுக்குப் போக வழி. விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்றால் வெறும் உதவித்தொகை போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, அவர் தலைமையில் பெண்கல்விக்கான தேசியக் குழு 1959-ல் கொடுத்த அறிக்கை. பெரிய அறிக்கை. நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.