மலை ஊருக்குக் கார்பன் கணக்கு போடும்போது

ஓர் ஊரால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதுதான் கார்பன் கணக்கு. சமவெளி நகரம் ஒன்றுக்குப் போட்ட அந்தக் கணக்கை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஊட்டிக்கோ குன்னூருக்கோ நிரப்பினால் விடை வரத்தான் செய்யும். அந்த விடையை நம்பித் திட்டம் போட்டால் பணம் தப்பான இடத்துக்குப் போகும். நீலகிரியில் நகராட்சி அளவில் இந்த வேலையைச் செய்ததில், வழக்கமான முறை எங்கெங்கே கைகொடுக்கவில்லை, அங்கே என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறோம்.

முதலில் எல்லை. நகரங்களுக்கான ஜிபிசி வழிமுறைப்படி எல்லைக்குள் எரிவது ஸ்கோப் 1, வெளியிலிருந்து வரும் மின்சாரம் ஸ்கோப் 2, நகரத்தின் பொருட்டு எல்லைக்கு வெளியே உமிழ்வது ஸ்கோப் 3. தேயிலை ஃபேக்டரிகளும் கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களும் ஊட்டி நகராட்சிக்கு வெளியே இருக்கின்றன. நகராட்சி மன்றம் தீர்மானம் போட முடிவது தன் எல்லைக்குத்தான். அதனால் அவற்றைப் பின்னிணைப்பாகத் தனியே வைத்தோம். அதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று மண்ணில் போனால், நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்து ஏறக்குறைய 120 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

மின்சாரத்தில் ஒரு வாதம் தவறாமல் வரும்: "பைகாராவும் குந்தாவும் நம்ம மலையில்தானே இருக்கு, நம்ம கரண்டுக்கு ஏது கார்பன்?" பைகாரா நீர்மின் நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் மொத்தத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. நம் வீட்டு மீட்டரில் ஓடுவது தொகுப்பு மின்சாரம். ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றே கணக்கு. மின்வாரியப் பிரிவுகளின் எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றாக இருக்காது, இணைப்பு வாரியாகப் பிரித்தாக வேண்டும். வீட்டு இணைப்பில் ஓடும் ஹோம்ஸ்டேக்கள் 'குடியிருப்பு' வரிசையை ஊதிக் காட்டும். ஏப்ரல்-மே பில் மற்ற மாதங்களைவிட இரண்டு மடங்கு ஏறும் வீட்டு இணைப்புகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

சிலிண்டர் கணக்கு எளிது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, கடை சிலிண்டர் 19 கிலோ. குளிர் மாதங்களில் கேஸில் உள்ள பியூட்டேன் சரியாக ஆவியாகாமல் சிலிண்டரின் அடியில் தங்கும். அது எரியாமலே திரும்பிப் போகும் என்பதால் விற்பனை எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

அதிக நேரம் பிடித்தது போக்குவரத்து. பங்க் விற்பனையை வைத்துப் போடுவதுதான் சுலபமான வழி. லிட்டருக்குப் பெட்ரோல் சுமார் 2.3 கிலோ, டீசல் 2.7. மலைக்கு இது ஒத்துவராது, ஏனென்றால் வெளியூர் வண்டிகள் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ டேங்கை நிரப்பிக்கொண்டுதான் ஏறுகின்றன. ஸ்கோப் 1 மட்டும் எழுதினால் பர்லியாரிலிருந்து குன்னூர்வரை எரிகிற எண்ணெய் எந்த ஊர்க் கணக்கிலும் வராது. செக்போஸ்ட்டிலிருந்து ஊர்வரை உள்ள மலைப்பாதையை ஸ்கோப் 3-இல் தனி வரிசையாக வைத்தோம். பர்லியார், குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி ஒவ்வொன்றுக்கும் தூரமும் ஏற்றமும் வேறு என்பதால் ஒரே சராசரியைப் போடக்கூடாது.

ஏற்றத்துக்கு என்ன செலவு? மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் வாக்கில், ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களோடு ஒன்றரை டன் இருக்கும் காரை 1,900 மீட்டர் தூக்க மட்டும் 8 யூனிட் ஆற்றல் வேண்டும். எஞ்சின் திறனை 27 சதவீதம் என்று வைத்தால் அதுவே 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல். சாலையில் ஓடும் செலவு இதற்கு மேல். இறங்கும்போது இரண்டாம் கியரில் எண்ணெய் மிச்சமாகும், ஏறச் செலவழித்தது திரும்பாது. கம்பெனி சொல்லும் மைலேஜை விட்டுவிட்டு, கீழே டேங்கை வாய்வரை நிரப்பி, மேலே வந்ததும் மறுபடி நிரப்பி, லிட்டரைக் குறிக்க வேண்டும். இறக்கத்துக்கும் இதே மாதிரி தனியாக. கார், வேன், பஸ், காய்கறி லாரி என வகைக்கு வகை, சுமையோடு.

13 டன் பஸ்ஸுக்கு உயரத்துக்கு மட்டும் 67 யூனிட். 45 பேர் இருந்தால் தலைக்கு ஒன்றரை. காரில் நாலு பேர் என்றால் தலைக்கு இரண்டுதான், பெரிய வித்தியாசம் இல்லை. இருவர் மட்டும் வந்தால் மூன்றரை. ஆக, வண்டியின் அளவைவிட அதில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதே எண்ணைத் தீர்மானிக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இருக்கும் இ-பாஸில் பயணிகள் எண்ணிக்கையும் பதிவாகிறது. 2025 ஏப்ரலில் வந்த வரம்பு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளைத்தான் எண்ணியது. பாதி காலியான கார் வண்டிக் கணக்கில் ஒன்றுதான், கார்பன் கணக்கில் தலைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு.

மின்சாரக் காருக்கு ஒரு மலைக் குறிப்பு. மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், பிரேக்கிலிருந்து திரும்பும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடமிருக்காது. முழுச் சுமையும் சாதா பிரேக்கின் தலையில் விழும். 40 யூனிட் பேட்டரியை 85 சதவீதத்தில் நிறுத்தினால் 6 யூனிட் இடம் கிடைக்கும். லாட்ஜ் சார்ஜரில் இதை எழுதி ஒட்டச் சொல்லலாம்.

அடுத்தது வெந்நீர். 100 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோக மூன்றரை யூனிட், அதாவது சுமார் இரண்டரை கிலோ. சூரிய வெந்நீர் என்று உடனே எழுதிவிடுவார்கள். தட்டை வகைப் பலகையில் உறைபனி இரவில் தாமிரக் குழாய் வெடிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை தாங்கும். அதிலும் தொட்டிக்கு வரும் குளிர்நீர்க் குழாயைச் சுற்றிக் காப்பு இல்லாவிட்டால் அங்கே உறைந்துவிடும். மொட்டை மாடியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதில் பயனில்லை. வெயிலடித்த நாளில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டிக்குள் போகும் குழாயையும் தொட்டியிலிருந்து வரும் குழாயையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் அது ஓடவில்லை. மூடுபனி மாதங்களுக்கென்று வைத்த மின் காயில் நாள் முழுக்க ஆன் ஆகவே கிடப்பதுதான் லாட்ஜ்களில் நாங்கள் அதிகம் பார்த்தது. ஒரு டைமர் போதும். காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பும் வேலை செய்யும். ஆனால் சமவெளியில் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை யூனிட் வெப்பம் தருவது இங்கே 10 டிகிரிக் காற்றில் இரண்டு, இரண்டரைதான்.

குப்பைக்கு வண்டி நடைகளை எண்ணாமல் எடைமேடைச் சீட்டை வாங்குங்கள், சீசனில் ஒரு வாரம், மழையில் ஒரு வாரம். மக்கும் வேகத்துக்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி தரும் வெப்பமண்டல எண் உணவுக் கழிவுக்கு ஆண்டுக்கு 0.40. ஆண்டுச் சராசரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே உள்ள ஈரமான ஊருக்கு 0.185. அதாவது பாதி அழுக இரண்டு வருஷம்கூட ஆகாது என்று தாள் காட்டுவது, இங்கே நாலு வருஷத்தை ஒட்டி இழுக்கும். இன்று குப்பை கொட்டுவதை நிறுத்தினாலும் மீத்தேன் உடனே இறங்காது, இலக்கு ஆண்டை அதற்கேற்ப வையுங்கள். சாண எரிவாயுக் கலன் குளிரில் படுத்துவிடும். கூரை போட்ட உரக்கிடங்கே மேல்.

காட்டைக் காட்டி உமிழ்வைக் கழிக்காதீர்கள். சோலையும் புல்வெளியும் நகராட்சிச் சொத்தல்ல; புல்வெளியின் கார்பன் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது, அங்கே மரம் நடுவது கெடுதல்.

தீர்மானத்தில் முதலில் போக வேண்டியவை டைமர், குழாய்க் காப்பு, பஸ் நடைகள். கூடவே ஒவ்வொரு மாதமும் இ-பாஸின் பயணிகள் எண்ணிக்கை, எடைமேடைச் சீட்டு, இரு மாத மின் பில் மூன்றையும் யார் வாங்கித் தாளில் ஏற்றுவார் என்று பதவிப் பெயரோடு எழுதிவிட வேண்டும்.