டீ நிறத்தில் டீ ஆறு

ஏப்ரல் 8, திங்கள்

கடலில் நிற்கும் எண்ணெய் ரிக்கிலிருந்து இறங்கி நாலு நாள் ஆகிறது. இரண்டு வாரம் கடலில் வேலை, மூன்று வாரம் வீடு. அந்த மூன்றில் ஒரு வாரத்தை வருஷா வருஷம் ஏப்ரலில் சால்மன் மீன் பிடிக்க ஆற்றுக்கு எழுதி வைத்துவிடுவேன். ஆற்றின் பெயரே டீ. ஊர் நண்பர்களிடம் "டீக்குப் போறேன்" என்றால் எந்தக் கடைக்கு என்று கேட்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில், சுமார் 1,220 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுக்கிறது. பிரேமார், பாலட்டர், அபாய்ன், பாங்கரி என்று வந்து, ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஓடி, அபர்தீன் துறைமுகத்தில் கடலைத் தொடுகிறது. பிரிட்டனின் பெரிய ஆறுகளில் இவ்வளவு உயரத்தில் பிறப்பது வேறு கிடையாது. ஏப்ரலில் எங்கள் தலைவலியும் அந்த உயரம்தான். மேலே இன்னும் பனி கிடக்கிறது. வெயில் அடித்தால் உருகி வரும், மழை பெய்தால் சேர்ந்து வரும், இரவில் உறைந்தால் நின்றுவிடும். ஒரே மடுவில் காலையில் நின்ற தண்ணீர் மாலையில் இருப்பதில்லை.

இந்த வாரத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கும் இடம் பாங்கரிக்குச் சற்று மேலே. அங்கே ஒரு கில்லி உண்டு. ஆற்றின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழிகாட்டுபவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தாண்டால் அடிக்கிற கில்லி இல்லை என்றாலும், தொழிலில் மனிதர் கில்லிதான். நாற்பது வருஷமாக இதே கரை. பேச்சு குறைவு.

கரையோர அளவுகோல் 1 அடி 10 அங்குலம். தண்ணீர் 4 டிகிரி. இந்தக் குளிரில் சால்மன் மந்தமாக அடியில் கிடக்கும், இரையைத் துரத்தி வராது. இரை என்று சொல்வதே தப்பு. முட்டையிட ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் சாப்பிடுவதில்லை. பிறகு ஏன் ஃப்ளையை, முள்ளில் மயிர் கட்டிய போலிப் பூச்சியை, கவ்வுகிறது? எரிச்சலா, பழைய பழக்கமா, ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எப்படியோ, அதன் மூக்குக்கு நேரே மெதுவாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆகவே 15 அடி இரட்டைக்கைக் கோல், முனை மூழ்கும் லைன், பித்தளைக் குழாயில் கறுப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மயிர் கட்டிய வில்லி கன் என்ற ஃப்ளை. சதர்லாந்தில் பிரோரா ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு காவலரின் பெயர் அது.

இரண்டாவது மடுவில் லைன் கனத்தது. பத்து நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொண்டது. கைவலையில் வந்தது கெல்ட். போன இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு முடித்து, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மீன். தூரத்தில் வெள்ளியாக மின்னும், கிட்டத்தில் பார்த்தால் தலை பெரிது, உடம்பு வாடல், செவுளில் வெண்புழுக்கள் மாதிரி ஒட்டுண்ணிகள். "போய்ட்டு வா" என்று விட்டேன்.

ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை, வேடர், அதன் இடது காலில் ஈரம் தெரிகிறது. எங்கோ ஓட்டை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நல்ல வெயில், அதனால் மோசமான நாள். மதியத்துக்கு மேல் பனித்தண்ணீர் இறங்கி ஆறு ஐந்து அங்குலம் ஏறியது. உருகிய பனி கலந்த தண்ணீரில் சால்மன் வாயைத் திறக்காது என்பது இந்தக் கரையின் வேதவாக்கு. உண்மையோ பொய்யோ, எனக்குத் திறக்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

இரவு தெளிந்த வானம், விடிகாலையில் மைனஸ் 2. கோலின் வளையங்களில் ஐஸ் கட்டி, லைன் நகராமல் நின்றது. நாலு தடவை வீசினால் ஒரு தடவை முனை வளையத்தை வாயில் வைத்து உருக்க வேண்டும். காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் மீன் கவ்வாது என்பது கில்லியின் இன்னொரு சட்டம். பத்தரை வரைக்கும் குடிலுக்குள் அடுப்பருகே உட்கார்ந்து காபி குடித்தார். நான் ஆற்றில் நின்றேன். யாருக்கும் மீன் இல்லை, அவருக்குக் காலாவது காய்ந்திருந்தது.

பதினொன்றுக்குக் காற்று கீழ்நோக்கி, ஆற்றின் போக்கிலேயே அடித்தது. பன்னிரண்டுக்கு ஆலங்கட்டி. ஒரு மணிக்கு அதே காற்று திரும்பி மேல்நோக்கி. இங்கே பின்னால் மரங்கள் நெருக்கம், லைனைப் பின்னால் வீச இடமில்லை. தண்ணீரின் மேலேயே சுழற்றி எறியும் ஸ்பே வீச்சுதான் வழி. வடக்கே ஓடும் ஸ்பே ஆற்றில் பிறந்த வித்தை. காற்று கீழ்நோக்கி என்றால் டபுள் ஸ்பே, மேல்நோக்கி என்றால் சிங்கிள் ஸ்பே. சுழற்றும் லைன் எப்போதும் காற்று தள்ளும் பக்கத்தில், நம்மை விட்டு விலகி இருக்க வேண்டும். காற்று மாறியது காதில் விழுந்தது, கையில் இறங்கவில்லை. டபுள் ஸ்பேயையே போட்டேன். பித்தளைக் குழாய் விர்ரென்று வந்து குல்லாயில் குத்தி நின்றது. ஓர் அங்குலம் கீழே என்றால் காது.

கில்லி முள்ளைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போன காத்துக்கு வீசறீங்க."

ஏப்ரல் 11, வியாழன்

இரவெல்லாம் மழை. காலை எழுந்ததும் நீர்மட்டம் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். மேலே மார் லாட்ஜ், பிறகு பொல்ஹாலிக், அப்புறம் எங்களுக்குப் பக்கத்தில் வுட்எண்ட். மூன்று கோடுகளும் செங்குத்து. கரைக்குப் போனால் அளவுகோல் 5 அடி, கிளைகளும் நுரையும் மிதந்து போகின்றன, தண்ணீர் பால் விடாத டீ. மலையின் கரிமண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் நிறம் அது. இன்றைக்குத்தான் பேருக்கும் நிறத்துக்கும் பொருத்தம். ஆனாலும் 2015 டிசம்பர் 30ஆம் தேதியை நேரில் பார்த்தவர்கள் இதை வெள்ளம் என்றே சொல்ல மாட்டார்கள். அன்று ஃபிராங்க் புயலில் பாலட்டருக்குள்ளேயே ஆறு புகுந்தது, நெடுஞ்சாலையில் ஒரு துண்டை அடித்துக்கொண்டு போனது.

மீன் பிடிக்க வழியில்லை. பாங்கரியில் ஃபியூ ஆறு டீயோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பாலத்தில் நின்று பாறை அருவியைப் பார்த்தேன். பருவம் வந்தால் சால்மன் இதில் தாவி ஏறும். தண்ணீர் குளிர்ந்திருக்கும் வரை அவற்றுக்கு அந்தத் தெம்பு வராது, கீழேயே காத்துக் கிடக்கும். ஒரு மீனையும் காணோம்.

மாலையில் படித்துக்கொண்டிருந்தேன். பாலட்டருக்கு மேலே கிர்னாக் என்ற சிற்றோடையில் 1966 முதல் கண்ணி வைத்து, வருகிற போகிற ஒவ்வொரு சால்மனையும் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு ஏறுமுகமாக இல்லை. ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் பிடிபட்ட சால்மனுக்கு 1952 முதல் கணக்கு இருக்கிறது. 2023 வரைக்கும் பார்த்தால் அந்த வருஷம்தான் ஆகக் குறைவு. அதே வருஷக் கடைசியில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அருகிவரும் இனப் பட்டியலில் ஏறியது. கோடையில் ஓடைத் தண்ணீர் சூடாகாமல் நிழல் வேண்டும் என்று மேல்பள்ளத்தாக்கில் மரம் நடுகிறார்கள். இதெல்லாம் தெரிந்தும் நீ ஏன் போய்த் தூண்டில் போடுகிறாய் என்று மனைவி கேட்டிருக்கிறாள். நாங்கள் கட்டும் பணத்தில்தான் கரையைக் காப்பது முதல் மரம் நடுவது வரை பாதி வேலை நடக்கிறது என்பேன். அது முழுப் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஆறு இறங்குகிறது. மதியம் 3 அடி 2. நிறம் கடும் டீயிலிருந்து இளம் டீக்கு வந்திருக்கிறது. இறங்கி, தெளிந்துவரும் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். மூன்று மணிக்கு மேல் வால்மடுவில் இறங்கினேன். நாற்பத்தைந்து பாகை கோணத்தில் கீழ்நோக்கி வீச வேண்டும், லைன் வளைந்து நம் கரைக்கு வரும் வரை விட வேண்டும், இரண்டு எட்டு நடந்து மறுபடி. ஒரு மணி நேரம் இதே.

நாலே காலுக்கு அது வந்தது. டக்கென்ற இடி இல்லை. யாரோ லைனை இரண்டு விரலால் பிடித்து மெல்ல நகர்த்துவது போல. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு.

கோலைத் தூக்கிவிட்டேன்.

காலி. ஃப்ளை மட்டும் துள்ளி மேலே வந்தது. பதினைந்து பவுண்டு இருக்குமா, ஐந்தா, கெல்ட்டா, தெரியாது. இனித் தெரியவும் வராது. கவ்விய சால்மன் திரும்பித் தன் இடத்துக்குப் போகும். அந்தத் திருப்பத்தில்தான் முள் வாயின் ஓரத்தில் போய் ஏறும். அது வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு, ரீல் தானாகச் சுற்ற விட வேண்டும். இதை எனக்கு ஆறு வருஷமாகச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கை பழகியது சிவகங்கைப் பக்கத்துக் கண்மாயில். மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு. தக்கை அமுங்கியதும் வெட்டி இழுக்கவில்லை என்றால் கெண்டை புழுவைத் தின்றுவிட்டுப் போய்விடும். "வெட்டுடா, வெட்டு!" என்று அண்ணன் பின்னால் நின்று கத்துவான். முப்பது வருஷம் கழித்தும் அவன் சத்தம் கையில் இருக்கிறது.

கில்லி எதிர்க்கரையில் நின்று பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 13, சனி

2 அடி 4. தண்ணீர் 7 டிகிரி, காற்று 11. மேகமும் வெயிலும் மாறி மாறி. குடிலில் கோலை எடுத்தபோது கில்லி என் லைன் முனையைப் பிடித்துப் பார்த்தார். நேற்றைய மூழ்கும் முனை, நேற்றைய பித்தளைக் குழாய். "இது நேத்து ஆத்துக்கு," என்றார். யோசித்துப் பார்த்தால் இந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். திங்களின் தயாரிப்போடு செவ்வாயிலும், காலைக் காற்றோடு மதியத்திலும்.

முனையை மாற்றினோம். மிதக்கும் லைன், கொஞ்சமாக மூழ்கும் முனை, ஓர் அங்குல காஸ்கேட் ஃப்ளை. முள்ளின் குட்டிப் பல்லைக் குறடால் நசுக்கிவிட்டார்.

பதினொன்றரைக்கு மார்ச் பிரவுன் பூச்சிகள் தண்ணீரிலிருந்து எழும்ப ஆரம்பித்தன. சரளைத் திட்டில் இரண்டு ஆயிஸ்டர்கேட்சர் பறவைகள் ஓயாமல் சண்டை. விரல் நீளச் சால்மன் குட்டி ஒன்று ஃப்ளையில் மாட்டியது. இந்த மாதம் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும் ஸ்மோல்ட். தொட்டாலே செதில் உதிரும், தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிட்டேன்.

அடுத்த பத்தாவது வீச்சில், மடுவின் வால் பக்கம், அதே இரண்டு விரல் இழுப்பு. வலது கையை வேடரின் பட்டைக்குள் செருகிக்கொண்டேன், நிஜமாகவே. இடது கையில் கோல். ரீல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு விடாமல். அப்போதுதான் தூக்கினேன். கனம் அங்கேயே இருந்தது.

பன்னிரண்டு நிமிஷம். எதிர்க்கரை வரை ஒரு ஓட்டம், இரண்டு துள்ளல், கால்களுக்கிடையே வந்து ஒரு திருப்பம். கைவலையில் கிடந்தபோது தண்ணீரைவிட்டு எடுக்கவில்லை. 75 சென்டிமீட்டர், ஒன்பது பத்து பவுண்டு. முதுகு நீலம் கலந்த எஃகு, விலா வெள்ளியில் லேசாகக் கத்தரிப்பூ நிறம். வாலுக்குப் பக்கத்தில் பழுப்பாக நாலைந்து கடல்பேன், இரண்டுக்குப் பின்னால் நூல் மாதிரி முட்டைச்சரம் இன்னும் ஒட்டியிருந்தது. நன்னீரில் அந்தச் சரம் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. நேற்று இது கடலில் இருந்திருக்கிறது. அபர்தீன் துறைமுகத்தில் எங்கள் கப்பல்களுக்கு நடுவே புகுந்து வந்திருக்கும்.

தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, வால்கட்டைப் பிடித்திருந்தேன். செவுள் திறந்து மூடியது. அரை நிமிஷத்தில் வால் என் கையை உதறிக்கொண்டு போனது. எடுத்த படத்தில் முழங்கை வரை என் கையும், ஒரு வால் நுனியும், நிறைய நுரையும்தான்.

கில்லி கை கொடுத்தார். "ஆறு வருஷம்," என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டம் இடம் தராது. அம்மா கூப்பிட்டார்கள்.

"மீன் கெடச்சுதாப்பா?"

"கெடச்சதும்மா. பத்து பவுண்டு இருக்கும்."

"கொழம்பா வறுவலா?"

"திருப்பி விட்டுட்டேன். இந்த ஆத்துல எல்லாரும் விட்டுருவோம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரு வாரம் பச்சத்தண்ணில நின்னுட்டு... காய்ச்சல்கீச்சல் இல்லையே?"

தூண்டிலில் பிடித்த சால்மனை இங்கே விற்கவும் கூடாது, கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்தது என்று சொன்னேன். அதை வாங்கித்தான் இன்றைக்கு வீட்டில் புளிக்குழம்பு. கொழுப்பு அதிகம், புளிக்கு ஒட்டவில்லை. சங்கரா கிடைத்தால் தேவலை.

சாயங்காலம் வேடரை உள்வெளியாகத் திருப்பி, இருட்டறையில் டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தேன். இடது முழங்காலுக்கு மேலே, கடுகளவு. பசை தடவிக் குளியலறையில் தொங்க விட்டிருக்கிறேன், காய ஒரு நாள் ஆகும்.