லாக்கர் வடிகால் மாற்றம்: ஃபிட்டிங்குக்கு அரை மணி, பலகைக்கு எட்டு நாள்

படகின் சாமான் லாக்கரில் வடிகால் ஃபிட்டிங் (விளிம்பு தரை மேல் உட்கார, மரையுள்ள உடல் துளை வழியே இறங்கி அடியில் நட்டால் இறுகி, கீழே நீளும் வாலில் ஹோஸ் ஏறும் பிளாஸ்டிக் குழாய்) மாற்றுவது அரை மணி நேர வேலை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதிய ஃபிட்டிங்கை மாட்டுவது உண்மையிலேயே அரை மணிதான். அதற்கு முன்னால் எட்டு நாள் போயிற்று, ஒரு ஃபிட்டிங் அளவு மாறி வீணானது, இன்னொன்றின் நட்டு உடைந்தது. மூன்றும் தவிர்த்திருக்கக்கூடியவை.

வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் விளிம்பில் விரிசல் தெரிந்ததும் கழற்றத் தொடங்காதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். லாக்கர் துளையைத் துணியால் இறுக அடைத்து, நீலச் சாயம் கலந்த தண்ணீரை 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் நீலம் தெரிந்தால் கசிவு விளிம்பைச் சுற்றி. தெரியாவிட்டால் துணியை எடுத்துவிட்டு, படகுக்கு வெளியே ஹோஸ் முடியும் வாயை அடைத்து மறுபடி ஊற்றுங்கள். இப்போது ஒழுகினால் குற்றம் ஹோஸிலோ கிளாம்ப்பிலோ. இங்கே முதல் சோதனையிலேயே பில்ஜில், அதாவது படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், நீலம் இறங்கிவிட்டது.

அளவில்தான் முதல் அடி. பழைய ஃபிட்டிங்கின் உள்துளையை அளந்தால் 20 மி.மீ. வந்தது. 'முக்கால் இஞ்ச்' என்று முடிவுகட்டி வாங்கியது தப்பு. கடையில் சொல்லும் அளவு, ஃபிட்டிங்கின் வால் மேல் ஏறும் ஹோஸின் உள்விட்டம். சுவர்த் தடிமன் இருப்பதால் 1 இஞ்ச் ஹோஸுக்கான பிளாஸ்டிக் ஃபிட்டிங்கின் துளை 20 மி.மீ. பக்கம்தான் இருக்கும். மரையின் வெளிவிட்டமோ சுமார் 33 மி.மீ. முக்கால் இஞ்சின் மரை 26.5 மி.மீ. அதை 34 மி.மீ. துளையில் வைத்தால் குடத்தில் விட்ட கரண்டி மாதிரி ஆடும். கடைக்குப் போகும்முன் வெர்னியரால் நான்கு அளவு எடுங்கள்: ஹோஸின் உள்விட்டம், மரையின் வெளிவிட்டம், மேல்விளிம்பின் அகலம், தரையின் தடிமன். கடைசியை எல்லாரும் மறப்பார்கள். தரை 16 மி.மீ. என்றால், அதையும் நட்டின் உயரத்தையும் தாண்டி இரண்டு மூன்று மரையாவது மிச்சம் இருக்க வேண்டும்.

கழற்றும்போது நட்டைத் திருப்பினால் மொத்த ஃபிட்டிங்கும் சேர்ந்து சுற்றியது, விளிம்பு மட்டும் தரையை விடவில்லை. முன்பு யாரோ நிரந்தர வகை பாலியூரித்தேன் பசையை வாரி அப்பியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் ஜெல்கோட்டில் (ஃபைபர்கிளாஸ் மேலுள்ள வழவழப்பான பூச்சு) நகக்கண் அளவு ஒரு சில்லு பெயர்ந்தது. நெம்பவே கூடாது. ஹேக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, துளைக்குள் விட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக நான்கு இடத்தில் அறுங்கள். ஃபைபர்கிளாஸைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். பிறகு துண்டுகளை உள்நோக்கி மடக்கினால் ஒவ்வொன்றாக வரும். விளிம்படியில் ஒட்டிய பசையை ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி, அகலமான பட்டிக் கரண்டியைப் படுக்கையாக நுழைத்துச் சுரண்ட வேண்டும். முகமூடி கட்டாயம்.

உண்மையான சேதம் அப்போதுதான் தெரிந்தது. துளையின் சுவரில் மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ் தோல், நடுவில் பிளைவுட். அந்தப் பிளைவுட் வெட்டுமுகத்துக்கு யாரும் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்) பூசவில்லை. பசை ஒரு இடத்தில் விட்டதும் தண்ணீர் நேராக மரத்துக்குள் போயிருக்கிறது. கறுத்த பழுப்பு நிறம், கூரான முனையால் குத்தினால் ஊறிய அட்டை போல உள்ளே இறங்கியது, அழுத்தினால் தண்ணீர் பிதுங்கியது. இதன் மேல் புதிய ஃபிட்டிங்கை இறுக்கினால் நட்டின் அழுத்தத்தில் தரையே அமுங்கும், பசை மறுபடி விடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். நல்ல இடத்தில் கணீரென்று வரும், ஊறிய இடத்தில் சத்தம் செத்துப்போகும். இங்கே துளையைச் சுற்றி 15 மி.மீ. வரை செத்த சத்தம்.

அந்த மரத்தை எடுக்க ஒரு ஆணியை 'ட' போல வளைத்து டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் போதும், இரண்டு தோலுக்கும் இடையிலுள்ள அழுகலைக் கோதித் தள்ளிவிடும். நிறம் வெளிறி, தூள் காய்ந்து வரும்வரை கோத வேண்டும். பிறகு உலரவிடுவது. மின்விசிறியை நேராகத் திருப்பிவைத்து ஐந்து நாள் ஆயிற்று. அசிட்டோன் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பதை நம்ப வேண்டாம், அது மேற்பரப்பைத் தாண்டாது.

துளையின் அடிப்பக்கத்தை டேப்பால் அடைத்து, முதலில் தண்ணியான எபாக்ஸியைப் பிரஷ்ஷால் மரத்துக்குக் குடிக்கக் கொடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே, சிலிக்கா தூள் சேர்த்து, குச்சியை நிமிர்த்தினால் வழியாத பதத்துக்குக் கெட்டியாக்கியதை அடைக்கலாம். அவசரத்தில் 150 மி.லி.யை ஒரே கப்பில் கலந்ததில் பத்து நிமிடத்தில் புகை வந்து கப் உருகியது. எபாக்ஸி மொத்தையாக இருந்தால் தன் சூட்டிலேயே வேகும். 50 மி.லி.க்கு மேல் கலக்காமல், 10 மி.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காக, ஒன்று சூடு ஆறியபின் அடுத்தது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு காரியமும் முடித்துக்கொள்ளலாம். ஃபிட்டிங்கின் விளிம்பு 4 மி.மீ. தடிமன். தரை மேல் அப்படியே உட்கார்ந்தால் அந்த 4 மி.மீ. தண்ணீர் எப்போதும் வடியாது, லாக்கர் நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். துளையைச் சுற்றி மேல்தோலை விளிம்பின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டியெடுத்து, அதே தடிமனில் ஒரு வட்டத் தகட்டை பேக்கிங் டேப்பால் சுற்றி ஈர எபாக்ஸியில் தரை மட்டத்துக்கு அழுத்திவையுங்கள். டேப்பில் எபாக்ஸி ஒட்டாது. மறுநாள் எடுத்தால் விளிம்புக்கு அளவான பள்ளம் கிடைக்கும். சாமான் லாக்கர் தரைக்கு இது சரி. படகின் அடித்தோலில் செய்யாதீர்கள்.

துளையிட 35 மி.மீ. ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்). முதல் சில சுற்றுகளை ரிவர்ஸில் ஓட்டினால் ஜெல்கோட் சில்லு பெயராது.

பசைக்கு வருவோம். த்ரீஎம் 5200 மாதிரி நிரந்தர வகை இங்கே வேண்டவே வேண்டாம், அடுத்த முறையும் ஹேக்சாதான் எடுக்க வேண்டும். 4200 மாதிரி கழற்றக்கூடிய வகை போதும். பாலிசல்ஃபைடு சில பிளாஸ்டிக்குகளைத் தின்னும், ஏபிஎஸ் ஃபிட்டிங்கோடு சேர்க்கக் கூடாது. சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் பின்னால் வேறெதுவும் பிடிக்காது. வழிந்த பாலியூரித்தேனை ஆல்கஹாலால் துடைப்பது பலர் செய்யும் தவறு. இறுகாத பசையில் ஆல்கஹால் பட்டால் அது இறுகவே இறுகாது. மினரல் ஸ்பிரிட் போதும்.

விளிம்படியில் ஒரு முழு வளையம், மரையைச் சுற்றி இன்னொன்று. மேலே ஃபிட்டிங் திரும்பாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். கையால் இறுகியபின் கால் சுற்று, அவ்வளவே. பிளையர் போட்டு 'இன்னும் கொஞ்சம்' என்று திருப்பிய நட்டில் மறுநாள் காலை பிறை போல ஒரு விரிசல். சுற்றிலும் பசை சீராகப் பிதுங்கினால் இறுக்கம் போதும் என்று அர்த்தம். மாற்று நட்டு தனியாகக் கிடைக்காது, முழு ஃபிட்டிங்காகத்தான் வாங்க வேண்டும்.

ஹோஸ் ஏறாவிட்டால் முனையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்குங்கள், கிரீஸ் தடவாதீர்கள். கிளாம்ப் வாங்கும்போது காந்தத்தைக் கொண்டுபோங்கள். பட்டை துருப்பிடிக்காத ஸ்டீலாக இருந்தும் திருகு சாதா இரும்பாக இருப்பதுண்டு, முதலில் துருவேறி விடுவது அதுதான். வால் நீளமாக இருந்தால் மட்டும் இரண்டு கிளாம்ப். குட்டை வாலில் இரண்டாவது கிளாம்ப் வாலைத் தாண்டிப்போய் ஹோஸை வெட்டும். ஹோஸ் வழி முழுக்க இறக்கமாக இருக்கட்டும்.

பின்பலகையில் இருக்கும் வெளிவாயையும் ஒருமுறை பாருங்கள். எரிபொருள் நிரப்பி, இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்தபோதும் அது நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மூழ்கினால் கடல் நீர் அதே வழியாக லாக்கருக்குள் ஏறும், அந்த இடத்தில் சாதா பிளாஸ்டிக் ஃபிட்டிங்கும் கூடாது.

பசை முழுதாக இறுக ஒரு வாரம் விட்டு, அதே நீலத் தண்ணீர் சோதனை. நட்டைச் சுற்றியும் ஹோஸின் இரு முனைகளிலும் காய்ந்த டிஷ்யூ சுற்றிவைத்ததில் நட்டுப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. வெளிவாய்ப் பக்கம் மட்டும் ஊசிமுனை அளவுக்கு நீலம். கிளாம்ப்பில் அரைச் சுற்று கொடுத்து டிஷ்யூவை மாற்றினோம், அது காய்ந்தபடியே இருந்தது.